இதயப்புழு: புழுவின் வயதும் மருந்தின் நாளும்

நாயின் இதயப்புழு பெரும்பாலும் இதயத்தில் இருப்பதில்லை. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குக் குருதி கொண்டுபோகும் நாடிகளே அதன் இருப்பிடம். புழுக்கள் பெருகி நாடிகளில் இடம் போதாமற் போகும்போதுதான் அவை வலது இதயவறைக்குள் பின்வாங்குகின்றன. நாய் இறந்து குருதியோட்டம் நின்ற பிறகும் அங்கேதான் வந்து சேர்கின்றன. இறந்த நாயை அறுத்துப் பார்த்த பழைய ஆய்வாளர்கள் இதயத்துக்குள் வெள்ளை நூற்சுருள் போலக் கண்டது இப்படி வந்து சேர்ந்த புழுக்களைத்தான். 1856இல் அமெரிக்க உயிரியலாளர் ஜோசப் லெய்டி இந்த இனத்தை விவரித்துப் பெயரிட்டார். இன்று அதன் அறிவியற் பெயர் டைரோபிலேரியா இமிட்டிஸ். பெண் புழு 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை நீளும். ஆண் புழு ஏறத்தாழ அதில் பாதி. நாயின் உடலில் ஒரு புழு 5 முதல் 7 ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஊரில் சுற்றித் திரியும் நாய்கள் பலவற்றின் ஆயுளே அவ்வளவுதான்.

பெண் புழு முட்டையிடுவதில்லை. உயிருள்ள நுண்குடம்பிகளை நேரே குருதிக்குள் ஈனுகிறது. மைக்ரோபைலேரியா எனப்படும் இவற்றின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நாயின் குருதியில் இவை இரண்டு ஆண்டு வரை சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். ஆனால் அந்த உடலுக்குள் இருந்தபடியே ஒருபோதும் வளர்ந்த புழுவாக மாட்டா. இடையில் ஒரு நுளம்பின் உடலுக்குள் போய்வந்தே ஆகவேண்டும். தாய் நாயிடமிருந்து கருவிலுள்ள குட்டிக்கு நுண்குடம்பிகள் போகலாம். குருதி ஏற்றும்போதும் ஒரு நாயிலிருந்து மற்றதற்குப் போகலாம். இரண்டு வழியிலும் இதயப்புழு நோய் உண்டாவதில்லை. ஒரே பாத்திரத்தில் தின்பதாலும் ஒன்றையொன்று நக்குவதாலும் கடித்துக்கொள்வதாலும் இது தொற்றாது.

நுளம்பின் குடலுக்குள் போன நுண்குடம்பி, அதன் கழிவகற்றும் சிறுகுழாய்களுக்குள் புகுந்து, அங்கே இருமுறை தோலுரித்து மூன்றாம் பருவத்தை அடைகிறது. பிறகு நுளம்பின் வாய்ப்பகுதிக்கு நகர்ந்து காத்திருக்கிறது. வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் இதற்கு 10 முதல் 14 நாட்கள் போதும். 14 பாகைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். நுளம்பு அடுத்த நாயைக் குத்தும்போது குடம்பி ஊசிமருந்துபோல உள்ளே செலுத்தப்படுவதில்லை. நுளம்பின் உடல்நீர் ஒரு துளி தோலின்மேல் சிந்த, அந்த ஈரத்தில் நீந்தியபடி குடம்பி குத்துவாயைத் தேடி நுழைகிறது. ஈரம் முந்திக் காய்ந்தால் குடம்பியும் காய்ந்து சாகும். யானைக்கால் நோய்ப் புழு நுளம்புக்குள் வளர்வதை மருத்துவர் பேட்ரிக் மான்சன் சீனக் கரையிலுள்ள ஆமோய் துறைமுகத்தில் 1877இல் கண்டறிந்தார். நாய்ப்புழுவும் அதே வழியில்தான் பரவுகிறது என்பதை 1900இல் இத்தாலியரான கிராசியும் நோயேயும் காட்டினர்.

நாயின் தோலுக்குள் நுழைந்த மூன்றாம் பருவக் குடம்பி 3 முதல் 12 நாட்களுக்குள் தோலுரித்து நான்காம் பருவத்தை அடைகிறது. தசைகளுக்கிடையே ஊர்ந்தபடி வளர்ந்து, 50 முதல் 70 நாட்களுக்குள் கடைசித் தடவையாகத் தோலுரித்து இளம்புழுவாகிறது. ஏறத்தாழ 70ஆம் நாளிலிருந்து, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளத்தில், நுரையீரல் நாடிகளை எட்டத் தொடங்குகிறது. ஆணும் பெண்ணும் முதிர்ந்து, கூடி, புதிய நுண்குடம்பிகள் குருதியில் தென்படுவதற்குக் குத்து விழுந்த நாளிலிருந்து ஆறு ஏழு மாதங்கள் செல்லும். இதயப்புழு மருத்துவம் முழுவதும் இந்த நாட்கணக்கின்மேல் நிற்கிறது. எந்த மருந்து எந்த வயதுப் புழுவைக் கொல்லும், எந்தச் சோதனை எந்த வயதுப் புழுவைக் காட்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு வெளியே அதில் அதிகம் இல்லை.

குளிர்நாடுகளில் நுளம்பு உறங்கும் மாதங்களில் இந்தச் சுழற்சி நின்றுபோகிறது. இலங்கையின் மன்னார்க் கரையில் அப்படி ஓர் ஓய்வு கிடையாது. நானாட்டான் பிரதேச செயலாளர் பிரிவில், வங்காலைக்கு அண்மையில் உள்ள நறுவிலிக்குளத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் அருவியாற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டிலிருந்து பெறும் கட்டுக்கரைக்குளத்தின் வயற்பரப்பு. மறுபக்கம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தின் உவர்நீர்ச் சதுப்பும் களப்பும். காலபோகத்துக்கு வயல் நீர் நிற்கும் மாரி மாதங்களில் கியூலெக்ஸ் நுளம்பு பெருகும். ஆகாயத்தாமரை மிதக்கும் குளக்கரைகளில் மன்சோனியா, அந்தச் செடியின் வேரில் ஒட்டி மூச்செடுத்து வளரும். வீட்டு முற்றத்துச் சிரட்டை, ரயர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏடிசுக்குரியவை. கோடையில் வயல் காய்ந்து வெடித்தாலும் கிணறும் தொட்டியும் காய்வதில்லை. உலகில் எழுபதுக்கும் மேற்பட்ட நுளம்பினங்கள் இதயப்புழுவின் குடம்பிகளைத் தாங்கி வளர்க்கக்கூடியவை என்பதால், ஓரினத்தை மட்டும் குறிவைத்து இந்நோயை மறிக்க வழியில்லை.

புதிய நுளம்பினங்கள் இந்தக் கரைக்கு வந்து இறங்குவதும் உண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில்தான் இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு, இலங்கையில் முதன்முறையாக, மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது நாய்ப்புழு பற்றிய செய்தியன்று. ஆனாலும் நுளம்பு வழி நோய்களைப் பொறுத்தமட்டில் இக்கரை ஒரு வாசற்படி என்பதை அது உணர்த்தியது.

இலங்கையில் இதயப்புழு பற்றிப் பேசத் தொடங்குமுன் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாயின் குருதியில் நெளிவது எந்தப் புழுவின் குஞ்சு? அமெரிக்க நூல்களைப் படித்துவிட்டு இங்குள்ள நாயைப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இலங்கை நாய்களின் குருதியில் காணப்படும் நுண்குடம்பிகளைப் பற்றிய பதிவுகளில் முன்னிற்பது இதயப்புழுவன்று, அதன் நெருங்கிய உறவான டைரோபிலேரியா ரெப்பன்ஸ். இது நாடிகளுக்குள் போவதில்லை. தோலுக்கு அடியில் வாழ்கிறது. பல நாய்களில் எந்த அறிகுறியும் காட்டாது. சிலவற்றில் சிறு கட்டி, சொறி, மயிருதிர்வு. நாய்க்கு இது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. இதைக் கண்டு இதயப்புழுவென்று எண்ணி, வளர்ந்த இதயப்புழுவைக் கொல்லும் ஆசனிக் ஊசியைப் போட்டால், நோயைவிட மருந்தே நாய்க்குப் பெரிய கேடாக முடியும்.

இதே தோலடிப் புழு நுளம்பின் வழியாக மனிதருக்கும் வருகிறது. மனித உடல் அதற்குச் சரியான இடமன்று. பெரும்பாலும் ஒரேயொரு புழு, முழுமையாக முதிராமல், கண்ணிமையிலோ விழிவெண்படலத்தின் கீழோ கன்னத்திலோ ஒரு கட்டியாகத் தங்கிவிடும். இலங்கையில் 1960களிலிருந்து இத்தகைய நோயாளிகள் பதிவாகி வருகிறார்கள். சிறு பிள்ளைகளும் அவர்களில் கணிசமாக இருக்கிறார்கள். கட்டியை வெட்டியெடுத்தால் சிகிச்சை முடிந்தது. இதயப்புழுவும் அரிதாக மனிதருக்கு வரும்; அப்போது அது நுரையீரலில் இறந்து வட்டமான ஒரு தடத்தை விடும். எக்ஸ்ரேயில் அதைப் புற்றுநோயென்று ஐயுற்று மார்பைத் திறந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. யானைக்கால் நோயைப் பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இலங்கை ஒழித்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. ஆனால் நாற்பது ஆண்டளவு மறைந்திருந்த புரூகியா மலாயி வகைப் புழு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மீண்டும் மனிதரிடம் தலைகாட்டுகிறது. நாய், பூனைகளின் குருதியிலும் புரூகியா நுண்குடம்பிகள் காணப்பட்டதால், செல்லப்பிராணிகள் அதன் சேமிப்பிடமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இலங்கைக் காட்டுமுயலுக்குக்கூடத் தனியாக ஓர் இதயப்புழு இருக்கிறது. அதை 1961இல் திசாநாயக்காவும் பரமானந்தனும் புரூகியா பக்லியி என்ற பெயரில் விவரித்தார்கள். ஆக, இந்தத் தீவில் ‘குருதியில் புழு’ என்ற பரிசோதனை முடிவு ஒரு விடையன்று. தேடல் அங்கேதான் தொடங்குகிறது.

தேடலின் முதற்படி எளியது. விரலளவு கண்ணாடித்தட்டில் ஒரு துளிக் குருதியை வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே நெளியும் நுண்குடம்பிகள் தெரியக்கூடும். குறைவாக இருந்தால் தவறிவிடும். ஆகவே 1 மில்லிலீற்றர் குருதியை 9 மில்லிலீற்றர் 2 சதவீத போர்மலினுடன் கலந்து, மையநீக்கியில் சுழற்றி, அடியில் படிவதை நீலச்சாயமிட்டுப் பார்க்கும் நொட் முறை கையாளப்படுகிறது. நுண்குடம்பிகள் மாலையிலும் இரவிலும் மேற்பரப்புக் குருதியில் கூடுவதால் மாலையில் எடுத்த குருதி நல்லது. புரூகியா நுண்குடம்பியைச் சுற்றி மெல்லிய உறை இருக்கும், டைரோபிலேரியாவுக்கு உறையில்லை. இமிட்டிசையும் ரெப்பன்சையும் வடிவத்தைக் கொண்டு பிரிப்பதற்குப் பழகிய கண் வேண்டும். அமில பொஸ்பற்றேசு நொதியைச் சாயமேற்றினால் இமிட்டிஸ் உடலில் இரண்டு புள்ளிகள் சிவக்கும், ரெப்பன்சில் ஒன்றுதான். பி.சி.ஆர். ஐயமில்லாமல் பிரித்துவிடும்.

மிருக வைத்தியர் தம் மேசையிலேயே செய்யக்கூடியது அன்டிஜன் சோதனை. வளர்ந்த பெண் இதயப்புழு வெளிவிடும் ஒரு புரதத்தை இது குருதியில் தேடுகிறது. நுண்குடம்பி உண்டு, அன்டிஜன் இல்லை என்று வந்தால் இந்த நாட்டில் முதலில் நினைக்கவேண்டியது தோலடிப் புழுவைத்தான். அன்டிஜன் உண்டு என்று வந்தால் இதயப்புழு என்ற ஐயம் வலுக்கிறது. நாய் இதயப்புழு மலிந்த நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதா என்றும் கேட்கவேண்டும். இந்தியாவில் அஸ்ஸாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் இதயப்புழு நன்கு பதிவானது; கேரளத்தில் ரெப்பன்சே முன்னிற்கிறது. சோதனையின் வரம்பும் புழுவின் வயதுதான். குத்து விழுந்து ஐந்தாறு மாதம் ஆகுமுன் அது எதையும் காட்டாது. ஆண் புழுக்கள் மட்டும் இருந்தாலும் காட்டாது. ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு இச்சோதனை செய்வது வீண்செலவு.

நோய் எவ்வளவு கடுமையாகும் என்பது புழுக்களின் எண்ணிக்கையோடு நாயின் உழைப்பையும் பொறுத்தது. புழுக்கள் உரசுவதால் நாடியின் உட்சுவர் தடித்துச் சுருங்குகிறது. அந்தச் சுருங்கிய குழாய்க்குள் குருதியைத் தள்ள வலது இதயவறை பாடுபடவேண்டும். நிழலில் படுத்துக் கிடக்கும் நாய் பத்துப் புழுவோடு பல ஆண்டு இருமாமலே இருந்துவிடலாம். மாட்டுப் பட்டியோடு ஓடும் நாய்க்கு அதே பத்துப் புழு மூச்சை வாங்கும். முதலில் வறட்டிருமல், பிறகு ஓடிக் களைத்தல், மெலிவு, சில வேளை மயங்கி விழுதல். இதயம் தோற்கத் தொடங்கும்போது வயிற்றில் நீர் கட்டும். மிகக் கொடியது, புழுக்கள் பெருநாளம் வரை அடைத்து, குருதிக் கலங்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறமாகும் நிலை. அப்போது கழுத்து நாளத்தின் வழியாகக் கருவியை நுழைத்துப் புழுக்களை வெளியே இழுத்தெடுக்காவிட்டால் நாய் ஓரிரு நாளில் இறந்துபோகும்.

தடுப்பு மருந்துகள் எல்லாம் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை: ஐவர்மெக்டின், மில்பெமைசின், மொக்சிடெக்டின், செலாமெக்டின். இவற்றில் மூத்தது ஐவர்மெக்டின். ஜப்பானியரான சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, அமெரிக்காவில் வில்லியம் கேம்பலின் குழு அதை உருவாக்கியது. 1987இல் அது நாய்களின் இதயப்புழுத் தடுப்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்குமுன் இருந்த மருந்து டைஎதில்கார்பமசின். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற யெல்லப்பிரகடா சுப்பாராவ் தலைமையேற்றிருந்த லெடர்லே ஆய்வகம் 1940களில் வெளிக்கொணர்ந்தது அது. மனிதரின் யானைக்கால் நோய்க்கு இன்றும் அது முக்கிய மருந்து. நாய்க்கோ அதை ஒரு நாள் தவறாமல் கொடுக்கவேண்டியிருந்தது. போதாததற்கு, குருதியில் ஏற்கனவே நுண்குடம்பி உள்ள நாய்க்குக் கொடுத்தால் அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சியில் வீழ்ந்து இறக்கவும் கூடும். மனிதருக்குத் தந்த யானைக்கால் குளிசையை நாய்க்குப் போடலாகாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மாதமொருமுறை கொடுக்கும் தடுப்பு மருந்து வரப்போகும் புழுவைத் தடுக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பின்னோக்கி வேலை செய்கிறது. கார்த்திகை முதலாம் நாள் கொடுத்த மருந்து, ஐப்பசி மாதம் முழுவதும் நுளம்பு விதைத்த மூன்றாம், நான்காம் பருவக் குடம்பிகளைக் கொல்கிறது. இளம்புழுவாகிவிட்டதன்மேல் அதன் பிடி தளர்ந்துவிடும். ஆகவே மருந்து ஒரு வாரம் பிந்தினால் பெரிய இழப்பில்லை. இரண்டு மாதம் தவறினால் சில புழுக்கள் மருந்துக்கு எட்டாத வயதுக்குப் போய்விடும். அப்படித் தவறினால் உடனே மீண்டும் தொடங்கி, ஏழு மாதங் கழித்து அன்டிஜன் சோதனை செய்யவேண்டும். குட்டிகளுக்கு எட்டு வார வயதுக்குள் தொடங்கலாம். ஏழு மாதத்தைத் தாண்டிய நாயைச் சோதிக்காமல் தொடங்கக் கூடாது. மாரியில் மட்டும் கொடுத்துக் கோடையில் விடுவது மன்னாருக்குப் பொருந்தாது.

கடையில் வாங்கிக் கொடுக்கும் சாதாரணப் பூச்சிக்குளிசை குடற்புழுக்களுக்கானது. அல்பென்டசோல், பைரன்ரெல், பிராசிகுவான்ரெல் எதுவும் இதயப்புழுவைத் தடுக்காது. இதயப்புழுவைக் கொல்வதாக நிறுவப்பட்ட நாட்டு மருந்தும் கிடையாது. இவற்றைவிட ஆபத்தானது மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசிமருந்தை நாய்க்குப் பயன்படுத்துவது. கால்நடை வளர்க்கும் ஊர்களில் அந்தச் சின்னக் குப்பி எளிதில் கையில் அகப்படும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 1 சதவீத மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கிறது. நாய்க்குத் தடுப்பளவு கிலோகிராமுக்கு 6 மைக்ரோகிராம். பத்துக் கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம், அதாவது 0.006 மில்லிலீற்றர். ஊசிமுனையிலிருந்து விழும் ஒரு துளியே அதைப்போல ஏழெட்டு மடங்கு. அதற்கும் மேலே கையளவில் ஊற்றினால் மயக்கம், நடுக்கம், குருட்டுத்தன்மை, இறப்பு. கொலி முதலான மேய்ப்பு நாயினங்கள் சிலவற்றில் மூளைக்குள் மருந்து புகாமல் காக்கும் மரபணு பழுதுபட்டிருக்கிறது. 2001இல் கண்டறியப்பட்ட இந்தக் குறை கலப்பின நாய்களிலும் இருக்கலாம், தோற்றத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவற்றுக்கு மாதாந்தத் தடுப்பளவு பாதுகாப்பானது, மாட்டளவு பாதுகாப்பானதன்று.

இதயப்புழுவே அதிகம் பதிவாகாத ஓர் ஊரில் இந்தச் செலவு தேவையா என்று கேட்பது நியாயமான கேள்வி. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்கே போதுமானால் விசர்நாய்த் தடுப்பூசிக்கே அதைச் செலவிடவேண்டும். அதற்கு அடுத்த இடத்தில் மாதாந்த மருந்தை வைக்கலாம். ஏனென்றால் அதே மருந்து தோலடிப் புழுவின் குடம்பிகளையும் தடுக்கிறது. மொக்சிடெக்டின் குருதியிலுள்ள ரெப்பன்ஸ் நுண்குடம்பிகளையும் துடைத்தெறிகிறது. அந்தப் புழு நாயைவிட வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்குத்தான் கூடிய தொல்லை. கட்டாக்காலி நாய்களுக்கு மாதந்தோறும் யார் மருந்து கொடுப்பது என்பதற்கு நல்ல பதில் இல்லை. அவை இருக்கும்வரை நுளம்புக்குப் புழு கிடைத்துக்கொண்டே இருக்கும். வீட்டு நாயின் காப்பு அதன் உரிமையாளர் கையில் மட்டுமே. மருந்தின் வலிமையும் நிலையானதன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்த மருந்துக் குடும்பத்தையே எதிர்த்து நிற்கும் இதயப்புழுக்கள் உறுதிசெய்யப்பட்டுள்ளன.

வளர்ந்த புழு நாயின் உடலில் குடியேறிவிட்டால் விடயம் வேறு. அவற்றைக் கொல்லும் அனுமதிபெற்ற மருந்து ஒன்றே: மெலார்சோமின் என்ற ஆசனிக் சேர்மம். முதுகின் இடுப்புத் தசையில் ஆழமாகப் போடப்படும் இந்த ஊசியை நோய் உறுதியான அன்றே போடுவதில்லை. அமெரிக்க இதயப்புழுச் சங்கத்தின் வழிகாட்டல்படி முதல் நாளில் மாதாந்தத் தடுப்பு மருந்தும், கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை டொக்சிசைக்கிளினும் தொடங்குகின்றன. இந்த நுண்ணுயிர்க்கொல்லி 28 நாட்கள் தொடரும். பிறகு ஒரு மாதம் சும்மா விடப்படுகிறது. 60ஆம் நாள் முதல் ஊசி, 90ஆம் நாள் இரண்டாவது, 91ஆம் நாள் மூன்றாவது.

புழுவுக்கு எதற்கு நுண்ணுயிர்க்கொல்லி? இதயப்புழுவின் உடலணுக்களுக்குள் வொல்பாக்கியா என்ற பற்றீரியா வாழ்கிறது. அது இல்லாமல் பெண் புழுவால் கருவுயிர்க்க முடியாது. புழு சாகும்போது இந்தப் பற்றீரியாக்கள் நாயின் குருதியில் கொட்டுவதே நுரையீரல் அழற்சியைக் கூட்டுகிறது. டொக்சிசைக்கிளின் அவற்றை முன்கூட்டியே ஒழித்து, புழுவையும் நலிவடையச் செய்கிறது. இரண்டு மாதக் காத்திருப்புக்குக் காரணம் புழுவின் வயது. தடுப்பு மருந்து இரண்டு மாதத்துக்குட்பட்டதைக் கொல்லும். மெலார்சோமின் ஏறத்தாழ நான்கு மாதத்தைக் கடந்ததை உறுதியாகக் கொல்லும். இடைப்பட்ட வயதில் இருப்பவை இரண்டிலிருந்தும் தப்பிவிடும். தடுப்பு மருந்து புதிதாக எதையும் சேரவிடாமல் மறித்துக்கொண்டிருக்க, இந்த அறுபது நாளில் இடைவயதுப் புழுக்கள் முதிர்ந்து ஊசிக்கு எட்டும் நிலைக்கு வந்துவிடுகின்றன. மூன்று ஊசி முறையில் ஏறத்தாழ 98 சதவீதப் புழுக்கள் மடிகின்றன. பழைய இரண்டு ஊசி முறையில் 90 சதவீதமே.

ஊசியைவிட அதன்பின் வரும் வாரங்களே ஆபத்தானவை. செத்த புழு எங்கும் வெளியேறுவதில்லை. துண்டுதுண்டாகி நுரையீரலின் நுனி நாடிகளில் போய் அடைத்து, உடல் அதை மெல்ல மெல்லக் கரைத்தாகவேண்டும். நாய் ஓடினால், குரைத்துத் துள்ளினால், குருதியோட்டம் விரைந்து அடைப்பு கூடும். திடீர் மூச்சுத்திணறல், குருதி கக்குதல், இறப்பு. ஆகவே நோய் உறுதியான நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பின் ஆறெட்டு வாரம் வரை நாயைக் கட்டியோ கூட்டிலோ வைத்திருக்கவேண்டும். வேலியில்லாத வளவுகளும் கயிறறியாத நாய்களும் உள்ள ஊரில் சிகிச்சையின் மிகக் கடினமான பகுதி இதுதான். மருந்துச் செலவுகூட அதற்கு அடுத்ததே. அழற்சியை அடக்கப் பிரெட்னிசோலோன் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கப்படுகிறது. கடைசி ஊசிக்கு ஒன்பது மாதங் கழித்துச் செய்யும் அன்டிஜன் சோதனையில் எதுவும் தெரியாவிட்டால் நாய் குணமடைந்தது.

மெலார்சோமின் கிடைக்காத இடங்களில் மாதாந்த மொக்சிடெக்டினையும் டொக்சிசைக்கிளினையும் சேர்த்துப் பல மாதங்கள் கொடுக்கும் மாற்று முறை கையாளப்படுகிறது. பெரும்பாலான நாய்களில் புழு ஒழிந்தாலும் அதற்கு ஓராண்டு, சிலவற்றில் அதற்கும் மேல் செல்லும். அவ்வளவு காலமும் உயிருள்ள புழு நாடியைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். நாயின் ஓட்டத்தையும் அவ்வளவு காலம் அடக்கிவைக்கவேண்டும். கையில் வேறு வழியில்லாதபோது இது நல்ல வழி, ஊசி கிடைக்கும்போது இரண்டாந்தர வழி.

பூனையில் எல்லாமே வேறு. இதயப்புழுவுக்குப் பூனை சரியான விருந்து வழங்கியன்று. உள்ளே நுழைந்த குடம்பிகளில் பெரும்பாலானவை முதிருமுன் மடிகின்றன. மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ மூன்றோ, அவையும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே வாழும். ஆனால் இந்தக் குறைந்த எண்ணிக்கை பூனைக்கு ஆறுதல் தருவதன்று. குத்து விழுந்து மூன்று நான்கு மாதத்தில் இளம்புழுக்கள் நுரையீரலை எட்டி மடியும்போதே பூனைக்குக் கடும் அழற்சி வந்துவிடுகிறது. இருமல், மூச்சிரைப்பு, வாந்தி எல்லாம் ஆஸ்துமாவைப் போலவே இருப்பதால் ஆஸ்துமா என்றே மருந்து கொடுக்கப்படுவது வழக்கம். பிழைத்துப் பெரிதான ஒரு புழு பின்னர் இறக்கும்போது, எந்த முன்னறிகுறியும் காட்டாமல் பூனை திடீரென விழுந்து இறக்கவும் கூடும்.

கண்டறிவதும் கடினம். பூனையின் குருதியில் நுண்குடம்பி தென்படுவது அரிது. இருக்கும் ஒரே புழு ஆணாக இருந்தால் அன்டிஜன் சோதனை வெறுங்கையோடு திரும்பும். பிறபொருளெதிரிச் சோதனை, குடம்பி எப்போதோ உள்ளே வந்தது என்பதைச் சொல்லும். இப்போது புழு இருக்கிறதா என்று சொல்லாது. இரண்டையும் எக்ஸ்ரே, இதய ஒலிவரைவு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

மெலார்சோமின் பூனைக்கு நஞ்சு. ஆகவே வளர்ந்த புழுவைக் கொல்லும் மருந்து பூனைக்கு இல்லை என்றே கொள்ளவேண்டும். அறிகுறி உள்ள பூனைக்குப் பிரெட்னிசோலோன் கொடுத்து அழற்சியைத் தணித்து, புழு தன் காலம் முடிந்து சாகும்வரை காத்திருப்பதே சிகிச்சை. புழுவை அறுவை மூலம் எடுக்கலாம், ஆனால் எடுக்கும்போது அறுந்துபோனால் பூனை அதிர்ச்சியில் இறக்கக்கூடும். ஆகவே பூனைக்குத் தடுப்பு ஒன்றே நம்பத்தக்கது: ஐவர்மெக்டின் என்றால் கிலோகிராமுக்கு 24 மைக்ரோகிராம் மாதந்தோறும், அல்லது பிடரியில் விடும் செலாமெக்டின், மொக்சிடெக்டின் துளிகள். நாய்க்கு விற்கும் துளிமருந்தை அளவு குறைத்துப் பூனைக்கு விடக்கூடாது. நுளம்பையும் உண்ணியையும் விரட்ட நாய்த் துளிமருந்துகள் பலவற்றில் சேர்க்கப்படும் பெர்மெத்ரினைப் பூனையின் ஈரலால் சிதைக்க முடிவதில்லை. வலிப்பு வந்து பூனை இறக்கும். அந்த மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் ஆபத்து உண்டு என்பதால், மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வைக்கவேண்டும்.